கையில் வெற்றிலை இருந்தது

1

பெங்களூரில் இருப்பவன் தன்னைப் புலம்பெயர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டால் ஆம்பூரில் இருக்கும் என் தம்பி சிரிக்கிறான். காலையில் இட்லி சாப்பிட்டு ரயில் ஏறினால் மதியச் சோற்றுக்கு வந்து சேர்கிற ஊரெல்லாம் வெளிநாடா என்பது அவன் கட்சி. நியாயம்தான். ஆனால் நாற்பத்தெட்டு ஆண்டுகளாக வேறொரு மொழியில் சம்பளம் வாங்கி, வேறொரு மொழியில் ரேஷன் கார்டு வைத்திருந்து, தமிழ் படிக்கத் தெரியாத பேத்திக்குத் தாத்தாவாக இருப்பவனை வேறென்ன சொல்வது? பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அந்த வெளிநாட்டில் நான் அம்மணமாக நின்றேன். பட்டப்பகலில், நான்காவது மாடியில், எதிர்க் கட்டடத்தில் பன்னிரண்டு ஜன்னல்கள் பார்த்திருக்க.

நடந்தது இதுதான். மகனும் மருமகளும் ஆபீசுக்குப் போய்விட்டார்கள், பேத்தி அனன்யா சட்டக் கல்லூரிக்கு. வீட்டில் ஈ காக்கை இல்லை. குளித்து முடித்த பிறகுதான் துண்டு எடுத்து வரவில்லை என்று தெரிந்தது. பால்கனிக் கொடியில் காயும் என்று நினைத்து, ஆளில்லாத வீடுதானே என்ற தைரியத்தில், பிறந்த மேனியாக நடந்து போனேன். கொடியில் பேத்தியின் காலுறைகள் மட்டும் தொங்கின. திரும்பினால், பின்னால் இருந்த கண்ணாடிக் கதவு தானாக நகர்ந்து பூட்டிக்கொண்டிருந்தது.

ஒரு ஜோடிக் காலுறையை வைத்துக்கொண்டு எழுபத்து நாலு வயது மனிதன் என்ன செய்ய முடியும் என்று எல்லா விதமாகவும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் முடியாது. கடைசியில் துளசித் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். அனன்யா வந்து கதவைத் திறக்கும் வரை சுமார் முக்கால் மணி நேரம். அதற்குள் எதிர்க் கட்டடத்தார் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் விவாதத்தையே நடத்தி முடித்திருந்தார்கள். ஒருவர் பெண்கள் பாதுகாப்பு என்றார். ஒருவர் மறதி நோய் என்று இரக்கப்பட்டார். இன்னொருவருக்கு நான் அம்மணமாக நின்றதில் ஆட்சேபணை இல்லையாம். துளசிக்குப் பின்னால் நின்றதுதான் மனதைப் புண்படுத்தியதாம். யாரோ போலீசுக்கும் போன் செய்துவிட்டார்கள்.

இரண்டு காவலர்கள் வந்தார்கள். நான் அதற்குள் வேட்டி சட்டை போட்டு, திருநீறும் இட்டுக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்திருந்தேன். இளையவர் பணிவாகத்தான் கேட்டார்.

"யாக்கே சார் பெத்தலெ நிந்திதிரி?"

ஏன் சார் அம்மணமாக நின்றீர்கள் என்று அர்த்தம். மூத்தவர் என் மகனின் வேலை என்ன என்று விசாரித்தார். நான் கோர்ட்டில் இருந்து ரிடையர் ஆனவன் என்றதும் எழுந்து ஒரு வணக்கம் வைத்தார். வயசானவங்க, இதெல்லாம் ஆகிறதுதான் என்று தன் சகாவுக்குக் கன்னடத்தில் எடுத்துச் சொன்னார். இருவரும் அனன்யா கொடுத்த காப்பியைக் குடித்தார்கள். நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. நிஜமாகவே அம்மணமாக நின்ற ஒருவனைப் பற்றி ஒரு வரி எழுதாமல் போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகும் அந்த ஒரு சொல் சோபாவில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. பெத்தலெ. அதில் வரும் 'பெ'யை பெங்களூரின் 'பெ' போல அழுத்திச் சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல்லுக்கு நான் ஒரு மனிதனைப் பலி கொடுத்திருக்கிறேன்.

2

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பெங்களூருக்கு வந்து ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்தில் அறை எடுத்த புதிதில், கன்னடம் கற்றுக்கொள்ள எனக்கு நானே ஒரு சூத்திரம் கண்டுபிடித்தேன். தமிழில் 'வ' வருகிற இடத்தில் கன்னடத்தில் அழுத்தமான 'ப' போடு. வா என்றால் பா. வெல்லம் என்றால் பெல்லா. வாழை என்றால் பாளெ. விரல் பெரளு, வேர் பேரு. மூன்றே நாளில் பாதி மொழி வந்துவிட்டதாக ஒரு மிதப்பு.

சந்து முனையில் ஜயம்மா என்ற கன்னடக்காரப் பெண் பெட்டிக்கடை வைத்திருந்தார். ஸ்ரீராம்புரத்தில் தமிழ் பேசியே ஆயுளைக் கழித்துவிடலாம். ஆனாலும் என் சூத்திரத்தைச் சோதித்துப் பார்க்க அவர்தான் கிடைத்தார். வெத்தலை வாங்கப் போன நான், 'வெ'யை இலக்கண சுத்தமாக 'பெ' ஆக்கி, "அம்மா, பெத்தலெ கொடி" என்றேன்.

கொடி என்றால் கொடுங்கள். அது சரி. பெத்தலெ என்றால் அம்மணம். வெற்றிலைக்குக் கன்னடத்தில் வீளெதெலெ என்று பெயர். அதற்கும் என் சூத்திரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

ஜயம்மா என்னைத் தலை முதல் கால் வரை நிதானமாகப் பார்த்தார். பிறகு நல்ல தமிழில், "அது கடையில விக்கிறதில்ல தம்பி. வீட்டுல போய்க் கதவச் சாத்திக்கினு நீயே எடுத்துக்க" என்றார். பக்கத்தில் பீடி வாங்க வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் நான் அடுத்த ஒரு வாரம் வேறு கடையில் வாங்கினேன்.

ஆக, அந்த ஊரில் வேலை பார்த்த குமாஸ்தாக்களிலேயே வெத்தலைக்கும் பெத்தலெக்கும் உள்ள வித்தியாசம் அனுபவபூர்வமாகத் தெரிந்த ஒருவன் இருந்தான் என்றால் அது நான்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

நான் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குமாஸ்தா. தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் கூண்டில் ஏறினால் மொழிபெயர்ப்பதும் என் தலையில்தான் விழும். சில்லறை வழக்குகள். அவற்றில் அம்மண வழக்குகள் தனி ரகம். எங்கள் தமிழிலேயே அதற்குத் தரம் பிரித்துச் சொல் இருக்கிறதே: ஞானிக்கு நிர்வாணம், குழந்தைக்குப் பிறந்த மேனி, ஏழைக்கு அம்மணம். சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான். பேட்டையில் ஒருநாள் காலை உடையே இல்லாமல் ஒரு திகம்பர ஜைன முனிவர் நடந்து போனார். அவருக்கு முன்னால் ஒரு காவலர் வண்டிகளை ஒதுக்கி வழி செய்தார், நானும் கை கூப்பினேன். அதே காவலர் மறுநாள் ஒரு குடிகாரனைக் கோணியில் சுற்றிக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார். உடம்பு ஒன்றுதான். பார்ப்பவருக்குத் தொல்லை உண்டாக வேண்டும், அதுதான் குற்றம். அனன்யாவும் புதுச் சட்டப் புத்தகத்தைப் பார்த்து அதையேதான் சொல்கிறாள்.

என் வேலையின் இரண்டாம் ஆண்டில் முனுசாமி வந்தான். ஸ்ரீராம்புரத்துக்காரன். சாக்கடை அடைப்பு எடுக்கும் தினக்கூலி. என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு குறைவு.

முந்தின நாள் மாலை ஒரு தெருமுனையில் எவனோ ஒருவன் குடித்துவிட்டு உடையில்லாமல் ஓடியிருக்கிறான். புகார் போயிற்று. போலீஸ் வருவதற்குள் ஓடியவன் ஓடிவிட்டான். முனையில் நின்றுகொண்டிருந்த முனுசாமியைப் பிடித்துப் போனார்கள். நீ அங்கே என்ன செய்தாய் என்று கேட்டதற்கு அவன் உள்ளதைச் சொன்னான்: வெத்தலையோட நின்னேன். அன்றைக்கு அவனுக்குப் பெண் பேசி வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளும் நாள். பெண் வீட்டுப் பெரியவர்கள் வருவதற்காகக் கவுளி வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு முனையில் காத்திருந்தான்.

வாக்குமூலம் எழுதிய காவலருக்கும் என்னைப் போலவே ஒரு சூத்திரம் இருந்திருக்க வேண்டும். வெத்தலை என்று காதில் விழுந்ததும் 'வ'வைப் 'ப' ஆக்கிவிட்டார். 'பெத்தலெயாகி நிந்தித்தெ' என்று கோணாத கையெழுத்தில் எழுதியிருந்தார். அம்மணமாக நின்றிருந்தேன். கீழே முனுசாமியின் கைநாட்டு.

கூண்டில் ஏறுமுன் அவன் வாயால் இதைக் கேட்டிருந்ததால், தாளைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. ஜயம்மா கடை கண் முன்னால் வந்து போயிற்று.

கூண்டில் நின்றவன் கசங்கிய புதுச் சட்டை போட்டிருந்தான். பையில் சுண்ணாம்பு டப்பி துருத்திக்கொண்டிருந்தது. ஸ்டேஷனில் சொன்னது நிஜம்தானா என்று கேள் என்றார் மாஜிஸ்திரேட். நான் கேட்டேன்.

"ஆமாங்க. வெத்தலையோடதான் நின்னேன். அதுல இன்னாங்க தப்பு?"

கோர்ட்டு முழுக்கச் சிரித்தது. அவர்கள் காதில் விழுந்தது வேறு. என்ன சொல்கிறான் என்று மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். சுவாமி, இவன் சொல்வது வீளெதெலெ. அவ்வளவுதான். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இன்னொரு கேள்வி வரும் என்று பயந்தேன்: காவலர் இப்படித்தான் குழம்பினார் என்று உனக்கு எப்படித் தெரியும்? ஆம்பூரை மறைத்து, நான் கோலார் பக்கம், வீட்டில் கன்னடம்தான் என்று ஆபீசில் சொல்லி வைத்திருந்தேன். ஊரில் மொழிச் சண்டை சூடாக இருந்த சமயம். இலாகாவின் கன்னடப் பரீட்சையில் அப்போதுதான் தேறியிருந்தேன். என் 'பெத்தலெ கொடி' வெளியே வந்தால் அத்தனையும் வெளியே வரும். போதாக்குறைக்குச் சாப்பாட்டு நேரம் வேறு.

"ஒப்புக்கொள்கிறான், சுவாமி" என்றேன், கன்னடத்தில்.

கோர்ட்டு கலையும் வரை பின்னால் நிற்க வேண்டும் என்பது தண்டனை. சிறிய தண்டனைதான். அம்மணமாக நின்றவனுக்கு ஏது புதுச் சட்டை என்று யாரும் கேட்கவில்லை. முனுசாமி கைகட்டிக்கொண்டு மாலை வரை நின்றான். தான் எதற்காக நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் நன்றியோடு தலையசைத்தான். தமிழ் பேசிய ஒரே மனிதன் நான் அல்லவா.

4

இதோடு நின்றிருந்தால் இந்தக் குறிப்பை எழுதியிருக்க மாட்டேன். பயத்தில் செய்த தப்பு என்று எனக்கு நானே சப்பைக்கட்டுக் கட்டியிருப்பேன்.

அன்று மாலை ஜயம்மா கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் வழக்கம் போல, "இன்னிக்கி எத்தினி பெத்தலெ வேணும் சார்?" என்று ஆரம்பித்தார். ஒரு வருஷமாக அந்தக் கேலி ஓயவில்லை. அதை இறக்கி வைக்க எனக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டான். கோர்ட்டுக் கதையைச் சொன்னேன். நடித்தும் காட்டினேன், கைகட்டி, புருவம் தூக்கி. ஆனால் என் சாமர்த்தியத்தைப் பாருங்கள், வெற்றிலை என்ற பாதியைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் கேலி என் பக்கம் திரும்பிவிடும். பெத்தலெயாக நின்றேன் என்று அவனே கோர்ட்டில் ஒப்புக்கொண்டு, அதிலென்ன தப்பு என்றும் கேட்டான், அவ்வளவுதான் சொன்னேன். ஜயம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றிலிருந்து என்னைக் கேலி செய்வது நின்றது.

கடையோரம் பாக்குக்காகக் காத்திருந்த ஒரு பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. எந்த முனுசாமி என்று ஒரு தரம் கேட்டார். சொன்னேன். மறுநாள் ஜயம்மா சொல்லித்தான் தெரிந்தது, அவர் பெண்ணைப் பெற்றவர். நேராகப் போய் நிச்சயத்தை நிறுத்திவிட்டாராம்.

அப்போதும் நான் ஒன்றும் செய்யவில்லை. நாலு மாதத்தில் ஜீவனஹள்ளிப் பக்கம் அறை மாற்றிக்கொண்டேன். வேலை நிரந்தரமாயிற்று, கல்யாணம் ஆயிற்று, பதவி உயர்ந்தது. ஆபீஸ் விருந்துகளில் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். சொல்வேன். எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

5

பால்கனி விவகாரத்தில் சங்கத் தலைவர் ஏழு நாளில் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருந்தார். மகன் கூனிக் குறுகிப் போனான். உடம்பு சரியில்லை, மாத்திரை மயக்கம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் அப்பா, யாரும் கேட்க மாட்டார்கள் என்றான். அனன்யாதான் முன்வந்து, பால்கனி பொது இடமா இல்லையா என்று வாதாடித் தருவதாகச் சொன்னாள்.

அவளிடம்தான் முதன்முதலாக முனுசாமி கதையை முழுசாகச் சொன்னேன், வெற்றிலையோடு சேர்த்து. சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் பெங்களூர்த் தமிழில், "தாத்தா, அவரோட பேர நீ இன்னும் வெச்சிட்டிருக்க. ரிட்டர்ன் பண்ணிடு" என்றாள்.

ஐந்தாம் நாள் ஆட்டோவில் ஸ்ரீராம்புரம் போனேன். சந்துகள் அப்படியே குறுகலாக இருந்தன, வீடுகள் மட்டும் மேலே வளர்ந்திருந்தன. முனுசாமி வீடு எது என்று நாலு பேரைக் கேட்டேன். எந்த முனுசாமி என்றார்கள். முன்பு சாக்கடை வேலை பார்த்தவர் என்றேன். அப்படிப் பல பேர் என்றார்கள். வேறு வழியில்லாமல் ஐந்தாவது ஆளிடம் குரலைத் தணித்து, பெத்தலெ முனுசாமி என்றேன்.

"அட, அவுரா? மூணாவது வூடு, நீலக் கதவு."

கதவைத் தட்ட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

திறந்தது ஒரு கிழவி. கன்னியம்மா என்று பெயர், அவருடைய மனைவி. முனுசாமி உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பனியனோடு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. கோர்ட்டு என்றதும் தெரிந்தது. "தமிழ் பேசின சாரு" என்று எழுந்திருக்கப் பார்த்தார். உட்காரச் சொல்லிவிட்டு, நான் நின்றுகொண்டே சொன்னேன். ஜயம்மா கடையில் நான் கேட்ட பெத்தலெ, காவலர் எழுதிய பெத்தலெ, நான் ஒப்புக்கொள்கிறான் என்றது, கடையில் நடித்துக் காட்டியது, எதையும் விடவில்லை. சாப்பாட்டு நேரத்தைக்கூட விடவில்லை.

முடித்ததும் முனுசாமி டி.வி.யை அணைத்தார்.

"தெனம் கோவணத்தோட குழிக்குள்ள எறங்குவேன் சார். ரோட்டுல அத்தினி பேர் போவாங்க, ஒருத்தனும் திரும்பிப் பாக்கல, எந்த டேசன்லயும் எழுதல. புதுச் சட்ட போட்டுக்கினு வெத்தலையோட நின்ன அன்னிக்குத்தான் அம்மணம்னு எழுதினாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பல தடவை யோசித்து வழவழப்பாகிப் போன வாக்கியம் அது. பிறகு மனைவி பக்கம் திரும்பி, "கேட்டுக்கினியா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நிச்சயம் நின்றுபோனதே, அந்தப் பெண்தான் கன்னியம்மா. ஒரு வருஷம் கழித்து அப்பாவோடு சண்டை போட்டு இவரையே கட்டிக்கொண்டாராம்.

"வெத்தலதான் வெத்தலதான்னு இந்த மனுசன் கல்யாணம் ஆன நாள்லேந்து சொல்லிக்கினுதான் கீறாரு. நான் நம்பல சார்" என்றார் அந்த அம்மா. "அம்மணமா நின்னா நின்னுட்டுப் போறாரு, குடிக்காம இருந்தாப் போதும்னு கட்டிக்கினேன். எங்கப்பன் நம்பாமலே செத்துப் போச்சு."

நான் கை கூப்பினேன். கன்னியம்மா உள்ளே போய் நெடுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் தட்டு இருந்தது; வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. தட்டை என்னிடம் நீட்டவில்லை. கணவர் முன்னால் கொண்டுபோய் வைத்து, ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளி அவர் கையில் கொடுத்தார். அவர் சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

வெற்றிலையை மென்றுகொண்டே முனுசாமி ஒன்று கேட்டார்.

"எனக்கு எழுத்து கிழுத்து எதுவும் வேணாம் சார். அந்தக் கடையாண்ட சொன்ன இல்ல, அங்கியே வந்து இன்னொரு தபா சொல்லிடு. இந்தத் தபா முழுசா."

6

ஜயம்மா இல்லை. கடையை அவர் மகன் நடத்துகிறார். முன்னால் வெற்றிலை, பின்னால் மொபைல் ரீசார்ஜ். முனுசாமி என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். கன்னியம்மா பின்னால். கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். பழைய ஆள், ஒரு கதை சொல்ல வந்திருக்கிறார் என்று முனுசாமியே அறிமுகம் செய்தார்.

சொன்னேன். நடித்தும் காட்டினேன், இந்தத் தடவை என்னை. "அம்மா, பெத்தலெ கொடி" என்ற இடத்தில் ஜயம்மாவின் மகன் கல்லாவில் சாய்ந்துவிட்டார். அம்மா அடிக்கடி சொல்வாங்க சார், அது நீங்கதானா என்றார். கோர்ட்டு வந்ததும் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிற்று. ஒப்புக்கொள்கிறான் சுவாமி என்றபோது ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் முனுசாமியைப் பார்த்து, "அப்ப நீ சொன்னது நெசம்தானா?" என்றார். முனுசாமி வாய் நிறைய வெற்றிலையோடு தலையை மட்டும் ஆட்டினார்.

இதனால் அவர் பெயர் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஓர் ஆயுள் ஒட்டியிருந்த பெயர் ஒரு சாயங்காலத்தில் உரியாது. ஆட்டோ ஏறும்போது பின்னாலிருந்து யாரோ "பெத்தலெ சார், பார்த்துப் போங்க" என்றார்கள். நானும் முனுசாமியும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தோம். இப்போது அது இரண்டு பேருக்குப் பொது.

வீட்டுக்கு வந்து சங்கத் தலைவருக்கு விளக்கம் எழுதினேன். மாத்திரையை இழுக்கவில்லை, பால்கனி பொது இடமா என்று வாதாடவும் இல்லை. கன்னடத்தில் எழுதினேன், என்னால் முடிந்த நல்ல கன்னடத்தில். மகன் படித்துப் பார்த்து, கடைசி வரி யாருக்கும் புரியாது அப்பா, எடுத்துவிடலாம் என்றான். அனன்யா விடவில்லை. அப்படியே நோட்டீஸ் பலகையில் ஒட்டினாள். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்:

'ஐயா, அன்று காலை என் வீட்டுப் பால்கனியில் நான் அம்மணமாக நின்றது உண்மை. ஒப்புக்கொள்கிறேன். என் கையில் வெற்றிலை இல்லை.'